பனிக்காலை ஏரியும் நடப்பவர்களும்: ஆயில் பெயிண்டில் வரைய முழுமையான வழிகாட்டி

டிசம்பர், ஜனவரியில் சில விடியற்காலைகளில் பெங்களூர் அல்சூர் ஏரி மீது பனி இறங்கி நிற்கும். எதிர்க்கரை இருக்காது. மங்கி கேப்பும் சால்வையுமாக எதிரே வருபவர் ஆணா பெண்ணா என்பதே கிட்ட வந்த பிறகுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடியில் ஆயில் பெயிண்ட் பழக வருபவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் முதல் பெரிய படமாகக் கொடுக்கிறேன்.

வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பனி நன்றாக வந்திருக்கும், மனிதர்களும் நன்றாக வந்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதர்கள் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும் காற்றை அவர்கள் மேல் பூச மறந்துவிட்டதுதான் காரணம். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அந்தத் தவறைத் தவிர்க்கவே அமைத்தது: முதலில் காற்றின் நிறம், பிறகு அதிலிருந்தே மரமும் நீரும் மனிதரும்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஆறு டியூப் போதும்: டைட்டேனியம் வெள்ளை, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், கேட்மியம் ரெட் ஹியூ. வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். பனிப் படத்தில் மற்ற ஐந்தும் சேர்ந்து செலவாவதைவிட வெள்ளை அதிகம் செலவாகும்.

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே கறுப்புக்கு மிக அருகில் வந்துவிடும். சியன்னாவைக் கூட்டினால் வெதுவெதுப்பான சாம்பல், நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல். இந்த இரண்டு பக்கச் சாய்வும் கறுப்பு டியூபில் கிடைக்காது.

கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம், படுக்கை வாட்டில். இதைவிடச் சின்னதில் தூரத்து ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள், பெரியதில் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே வானத்தை முடிக்க முடியாது. பிரஷ்: பன்றி முடியில் தட்டையானது ஒன்றரை அங்குலம், முக்கால் அங்குலம், கால் அங்குலம், மென்மையான செயற்கை முடியில் 4ஆம் நம்பர் உருண்டை ஒன்று. பேலட் கத்தி ஒன்று, அதாவது பேலட் என்னும் தட்டில் நிறம் கலக்கும் கத்தி.

லின்சீட் எண்ணெய் சின்ன பாட்டில், ஓவியர்களுக்கான டர்பன்டைன் ஒரு பாட்டில். ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் விற்பதை பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை. குளிருக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு வரைந்தால் அரை மணியில் தலைவலி வரும்.

2. விடியுமுன் போய்ப் பார்ப்பது

ஜனவரியில் பெங்களூரில் சூரியன் எழ ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகும். ஆறேகாலுக்கெல்லாம் ஏரிக்கரையில் இருங்கள். வெயில் ஏற ஏற பனி கரைந்துகொண்டே போகும். ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் பார்த்தது எட்டரைக்கு அங்கே இருக்காது.

நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். மூன்று கேள்விகளுக்கு அங்கேயே பதில் எழுத வேண்டும். படத்தில் மிக வெளிச்சமான இடம் எது: வானமா, நீரா? மிக அடர்ந்த இடம் எது? எத்தனையாவது மரத்தோடு இலை தெரிவது நின்று வெறும் நிழலுருவம் ஆகிறது? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் படத்தின் ஆழம்.

போனில் படம் எடுக்கலாம். ஆனால் அதை நம்பி வரையாதீர்கள். போன் தானாகவே வெளிச்சத்தையும் இருட்டையும் இழுத்துப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத கிளைகளையெல்லாம் தெளிவாக்கிவிடும். அதாவது பனியைத் துடைத்துவிடும். இதைச் செய்யும் எச்டிஆர் அமைப்பை அணைத்துவிட்டு எடுங்கள். ஆட்களின் நடை, தோள் சாய்வு, சால்வை விழும் விதம் ஆகியவற்றுக்குப் புகைப்படம் உதவும். டோனுக்கு, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்வு என்பதற்கு, உங்கள் குறிப்புதான்.

3. உள்ளங்கை அளவில் முன்படம்

வீட்டுக்கு வந்ததும், பார்த்தது மறக்குமுன், உள்ளங்கை அகலத்தில் நான்கைந்து சின்னப் படங்கள் பென்சிலில் போடுங்கள். மூன்றே டோன்: காகிதத்தின் வெள்ளை, நடுச் சாம்பல், அடர் சாம்பல். கோடு போடாமல் பட்டையாகத் தேய்த்து நிரப்புங்கள்.

ஆட்களை இந்தக் கட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். "இடம் முடியட்டும், அப்புறம் எங்கே காலியா இருக்கோ அங்கே ஆள் போட்டுக்கலாம்க்கா" என்று சொல்லாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படிப் போட்ட ஆள் எப்போதும் பிற்சேர்க்கையாகவே நிற்பார். அவர் பின்னால் எந்த டோன் வர வேண்டும் என்பதை வைத்துத்தான் மரத்தையே நகர்த்த வேண்டியிருக்கும்.

மூன்று பேர் வையுங்கள். இருவர் சேர்ந்து, தோள் ஒன்றையொன்று மறைக்கும்படி. ஒருவர் தனியாக, தூரத்தில். மூவரையும் சம இடைவெளியில் நிறுத்தினால் பஸ் வரிசை ஆகிவிடும். படத்தின் ஓரத்தை நோக்கி ஒருவரும் வேகமாக நடக்க வேண்டாம். பார்ப்பவர் கண்ணும் அவரோடு வெளியேறிவிடும்.

4. கண்மட்டக் கோடு: ஆட்களின் உயரம் இங்கே முடிவாகிறது

கண்மட்டக் கோடு என்பது அடிவானக் கோடுதான். பனியில் அது தெரியாது. அதனாலேயே பலர் அதைக் குறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருவர் பூதம்போலவும் பக்கத்தில் நடப்பவர் பொம்மைபோலவும் வந்து நிற்பார்கள்.

விதி எளியது. சமதளமான நடைபாதையில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும் அடிவானக் கோட்டிலேயே இருக்கும், கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும். தூரம் கூடக் கூடக் கால்தான் மேலே ஏறி வரும். ஆகவே ஒருவரின் கால் வைக்கும் இடத்தைப் புள்ளியிட்டால் போதும். அங்கிருந்து கண்மட்டக் கோடு வரை உள்ள தூரமே ஏறக்குறைய அவர் உயரம்.

கணக்காகப் பார்ப்போம். கேன்வாஸின் அடியிலிருந்து 7 அங்குலத்தில் கண்மட்டக் கோட்டை லேசாகப் போடுங்கள். கிட்ட நடக்கும் இருவரின் கால் அடியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் என்றால் அவர்கள் நாலரை அங்குல உயரம். தூரத்து ஆளின் கால் ஐந்தரையில் என்றால் அவர் ஒன்றரை அங்குலம். குழந்தையின் தலை கோட்டுக்குக் கீழே நிற்கும். கட்டைச் சுவரில் உட்கார்ந்திருப்பவர் தலையும் அப்படியே.

நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருந்தால் உங்கள் கண் மூன்றரை அடி உயரத்தில் இருந்திருக்கும். அப்போது கோடு நிற்பவர்களின் நெஞ்சருகே போகும். காலிலிருந்து கோடு வரையுள்ள தூரத்தில் ஒன்றரை மடங்கு அவர்கள் உயரம். உட்கார்ந்து எடுத்த புகைப்படமும் நின்று போட்ட முன்படமும் ஒரே கேன்வாஸில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வெள்ளையை மூடுவது

வெறும் வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் அடர்த்தியாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் வெளிறடித்துவிடுவோம். அதனால் பர்ன்ட் சியன்னாவுடன் துளி அல்ட்ராமரைன் சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். தேநீர்க் கறைபோல ஒரு நிறம் தங்கினால் சரி. எண்ணெய் சேர்க்கக் கூடாது. ஒரு நாள் காயட்டும். பிறகு நீர்த்த பர்ன்ட் அம்பரில் கரைக்கோடு, மரக்கூட்டங்கள், ஆட்களின் இடம் மட்டும் குறியுங்கள். கிளை, இலை எதுவும் வேண்டாம்.

6. காற்றைக் கலப்பது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இது. பிரஷைத் தொடுமுன் ஒரு மணி நேரம் கத்தியோடு பேலட்டில் செலவாகும்.

எழுதி வைத்த மிக வெளிச்சமான இடத்தின் நிறத்தைப் பெரிய குவியலாகக் கலக்க வேண்டும். இதுதான் காற்றின் நிறம். 16க்கு 20 கேன்வாஸுக்கு வெள்ளை ஒரு சிறு எலுமிச்சை அளவு. அதில் எல்லோ ஆக்கர் ஒரு பட்டாணி, அல்ட்ராமரைன் ஒரு பட்டாணி, பர்ன்ட் சியன்னா அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றையும் ஒரேயடியாகப் போடாமல் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். பழைய பருத்தி வேட்டியைப் பல தடவை துவைத்த பின் வரும் நிறம் வர வேண்டும். கஞ்சத்தனமாகக் கலந்தால் பாதி வானத்தில் தீர்ந்துபோகும். இரண்டாம் முறை கலப்பது ஒருபோதும் அதே நிறமாக வராது.

இங்கே வரும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, தூரம்னா நீலம்தானே?" தெளிந்த நாளில் நந்தி மலையிலிருந்து பார்க்கும் தொலைவு நீலம்தான். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது அது. மூடுபனியோ நீர்த்துளி. துளி பெரியது, எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். ஆகவே பனிக்குள் போகும் எதுவும் நீலமாகாது, பனியின் நிறத்தை நோக்கிப் போகும். சூரியன் எழும் திசையில் அது லேசான மஞ்சள் சாம்பல், எதிர்த்திசையில் குளிர்ந்த சாம்பல். பனிக்கு நீலம் அடித்தால் படம் நிலாக் காட்சிபோல ஆகிவிடும்.

இப்போது இன்னொரு மூலையில் அடர் கலவை: அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் எல்லோ ஆக்கர். இதுதான் கண்ணெதிரே நிற்கும் மரத்தின் உண்மையான நிறம். இதைக் காற்றுக் குவியலிலிருந்து எடுத்த பங்கோடு கலந்து நான்கு படிகளாக வரிசையாக வையுங்கள். வெள்ளை 0, கறுப்பு 10 என்று வைத்துக்கொண்டால் காற்று 2, எதிர்க்கரை 3, நடு மரங்கள் நாலரை, கிட்ட உள்ள மரம் 6, மிக அருகில் நிற்கும் ஆளின் மிக இருண்ட இடம் 7. படத்தில் 8, 9, 10 கிடையவே கிடையாது. ஒரே ஒரு இடத்தில் 9 விழுந்தாலும் சுற்றியுள்ள பனி சாயம்போன காகிதமாகத் தெரியும்.

எதிர்க்கரைப் படியைக் கலந்து முடித்ததும் புதியவர்கள் எல்லோரும் "இது ரொம்ப லேசு" என்பார்கள். அதை எடுத்து வானக் கலவைக்குப் பக்கத்தில் பூசிக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அரைகுறையாகத் தெரிந்தால் அதுதான் சரியான டோன்.

7. முதல் நாள்: பின்னாலிருந்து முன்னே

வானத்தில் தொடங்குங்கள். பெரிய பிரஷ், காற்றுக் குவியல், மேலிருந்து கண்மட்டம் தாண்டி நீர் வரை. எதிர்க்கரை வரும் இடத்தையும் சேர்த்தே பூசிவிடுங்கள். அதன் மேல், ஈரத்திலேயே, எதிர்க்கரையை வைக்கும்போது விளிம்பு தானாகக் கரையும். பனிக்கு ஆயில் பெயிண்ட் இவ்வளவு பொருந்துவது இந்த ஈரத்தால்தான். அக்ரிலிக்கில் இதற்குப் பாதி நேரம் கிடைக்காது.

பிறகு நடு மரங்கள், கடைசியாகக் கிட்ட உள்ள மரமும் நடைபாதையும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முன்மரத்தை முதலில் போட்டால் கிளைகளுக்கு நடுவே வானத்தைப் பொத்திப் பொத்தி அடைக்க வேண்டிவரும். மரம் சுற்றிலும் ஒளிவட்டம் போட்டதுபோல ஆகும்.

நீர் சற்றுக் கவனம் கேட்கும். வானத்தின் பிம்பம் வானத்தைவிட ஒரு மெல்லிய அளவு அடர்ந்திருக்கும். மரத்தின் பிம்பம் மரத்தைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கும். நீர் பரப்பில் வேறுபாடு குறைவு என்று நினைவில் வையுங்கள். பிம்பத்தை முதலில் செங்குத்தாக இழுத்து, பிறகு காய்ந்த பிரஷால் ஒரே ஒரு தடவை படுக்கைவாட்டில் வருடுங்கள். இரண்டாம் தடவை வருடினால் சேறு.

இந்த முதல் பூச்சில் டர்பன்டைன் மட்டும், அதுவும் குறைவாக. அடுத்தடுத்த பூச்சுகளில்தான் துளித் துளியாக எண்ணெய் கூட வேண்டும். எண்ணெய் கூடிய பூச்சு மெதுவாகக் காயும். அது அடியில் இருந்து, மேலே மெலிந்த பூச்சு சீக்கிரம் இறுகிவிட்டால், அடி அசைய மேல் வெடிக்கும். நான் ஆரம்பத்தில் பளபளப்புக்காக முதல் பூச்சிலேயே எண்ணெயைக் கொட்டிச் செய்த ஒரு படம், மூன்றாம் வருடம் வானம் முழுக்கச் சிலந்தி வலைபோல விரிந்துவிட்டது. அதை இன்றும் வகுப்பில் எடுத்துக் காட்டுகிறேன்.

8. விளிம்பு

பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே, காய்ந்த சுத்தமான பிரஷால் அடர்ந்த பக்கத்திலிருந்து வெளிறிய பக்கத்துக்கு லேசாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பிரஷைத் துணியில் துடைக்க வேண்டும்.

எல்லா விளிம்பையும் கரைத்துவிடாதீர்கள். எங்கும் மென்மையாக இருந்தால் கண் சரியாகத் தெரியாதவர் பார்த்ததுபோல இருக்குமே தவிர பனி வராது. முன்மரத்தின் தண்டில் ஓரிடம், கட்டைச் சுவரின் ஒரு மூலை, இப்படி இரண்டு மூன்று கூர்மையான விளிம்புகள் வேண்டும். அவை இருப்பதால்தான் மற்றவை தூரத்துக்குப் போகின்றன. விசிறி பிரஷ் என்று ஒன்று விற்கிறார்கள். முதல் பத்துப் படங்களுக்கு அதை வாங்க வேண்டாம், எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கிவிடும்.

இத்தோடு முதல் நாள் முடிகிறது. ஆட்கள் நிற்கும் இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் கத்தியால் சுரண்டி மெலிதாக்கிவிட்டு வையுங்கள். வெள்ளை அதிகமுள்ள இடங்கள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஒரு வாரம்வரை ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

9. மனிதர்கள்

இரண்டாம் அமர்வு. பேலட்டில் மறுபடி அந்த நான்கு படிகளையும் கலந்து, கேன்வாஸில் காய்ந்ததோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஆளைத் தொடுங்கள்.

ஆள் எந்த மரத்துக்கு அருகில் நிற்கிறாரோ அந்த மரத்தின் படிதான் அவருடைய படி. தூரத்து ஆள் எதிர்க்கரைக்கும் நடு மரத்துக்கும் இடையில் என்றால் அவர் மூன்றரை. அவர் போட்டிருப்பது கறுப்பு ஸ்வெட்டர் என்பது உங்களுக்குத் தெரியும், பனிக்குத் தெரியாது. ஒட்டி வைத்த ஆட்கள் எல்லோரும் பிறப்பது இந்த இடத்தில்தான். ஸ்வெட்டர் கறுப்பு என்ற அறிவு கையைப் பிடித்து இழுக்கும்.

உருவத்துக்கு வருவோம். வளர்ந்தவரின் உயரம் தலையின் ஏழு, ஏழரை மடங்கு. ஒன்றரை அங்குல ஆளுக்குத் தலை ஐந்து மில்லிமீட்டர்தான். நாலரை அங்குல ஆளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்துப் புள்ளியிடுங்கள். முகம் முக்கியம் என்ற நினைப்பில் எல்லோரும் தலையைப் பெரிதாக்குகிறோம். பெரிய தலை வைத்த ஆள் உடனே குழந்தையாகிவிடுவார்.

தூரத்து ஆளை மூன்றே தொடுதலில் முடிக்கலாம். தலைக்கு ஒரு புள்ளி. கழுத்துக்குச் சிறு இடைவெளி விட்டு, தோளிலிருந்து கீழே குறுகும் கூம்பாக உடம்பு. அதிலிருந்து கீழே இழுத்து ஒன்றுமில்லாமல் கரையும் கால். பாதம் வேண்டாம். பாதம் வரைந்தால் நின்றுவிடுவார், கரைத்துவிட்டால் நடப்பார். எடை தாங்கும் காலைத் தலைக்கு நேர் கீழே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழப்போவதுபோலத் தெரிவார்.

கிட்ட உள்ள இருவரையும் தனித்தனியாக வரையாமல் ஒரே பெரிய வடிவமாகப் போடுங்கள். சேலையும் சால்வையும் சேர்ந்து ஒரு மணி வடிவம். பக்கத்தில் மங்கி கேப், ஸ்வெட்டர், வேட்டி. அந்த ஒற்றை வடிவத்துக்குள் வேட்டிக்கு மட்டும் ஒரு படி வெளிச்சம். அதுவும் வானத்தைவிட அடர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் அவர்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது. வெள்ளை வேட்டியை டியூப் வெள்ளையில் போடுவது நான் அதிகம் துடைத்த தவறு.

கண், மூக்கு, வாய் எதுவும் போட வேண்டாம். தோளின் மேல் ஒரு பக்கம் மட்டும் கூர்மையான விளிம்பு, மறுபக்கமும் இடுப்புக்குக் கீழேயும் கரைந்த விளிம்பு. பனியில் நிழல் நீளமாக விழாது. காலடியில் தரையோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன அடர்வு போதும். மாலை வெயில்போல நீள நிழல் போட்டால் பனி அந்த நொடியே விலகிவிடும்.

கடைசியாக, கேட்மியம் ரெட். சால்வையிலோ தலையில் வைத்த பூக்கூடையின் ஓரத்திலோ ஒரே ஒரு தொடுதல், அதையும் காற்றுக் கலவையில் பாதி தணித்து. பிரெஞ்சு ஓவியர் கோரோவின் சாம்பல் பச்சை நிலக்காட்சிகளில் சின்ன ஆளின் தொப்பியில் ஒரு சிவப்பு இருக்கும். படம் முழுவதையும் அது விழிக்க வைப்பதைப் பார்க்கலாம். இரண்டாவது சிவப்பு வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள்.

10. பனித்திரை

இன்னொரு வாரம் காய்ந்த பின் தூர நின்று பாருங்கள். யாராவது பின்னால் போக மறுத்தால் அவரைத் திருத்தி வரையத் தேவையில்லை. காற்றுக் கலவையில் ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்து, பிரஷில் எடுத்து, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே லேசாகத் தேயுங்கள். பனி தரையை ஒட்டித்தான் அடர்ந்திருக்கும். கால்களை முதலில் மறைப்பது இயல்பாக இருக்கும்.

அடர்ந்த நிறத்தின் மேல் வெளிறிய மெல்லிய திரை விழுந்தால் அது நீலம்போலத் தெரியும். கலவை தவறில்லை, மெல்லிய வெள்ளைப் படலத்தின் இயல்பு அது. அதனால் திரைக்கான கலவையில் சிறிது எல்லோ ஆக்கரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். இடம் வலம் மாறும்போது சாய்ந்த ஆளும் தவறான டோனும் உடனே கண்ணில் குத்தும்.

11. துணி, பிரஷ், காய வைப்பது

லின்சீட் எண்ணெய் பட்ட துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு வரும். சுருட்டிய துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சின்ன வீட்டில், சமையலறைக்குப் பக்கத்தில் வரைபவர்கள் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

பிரஷை டர்பன்டைனில் அலசி, சோப்பு போட்டுக் கழுவி, முடியைச் சீராக்கிப் படுக்க வைத்துக் காய விடுங்கள். அழுக்கு டர்பன்டைனை சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஜாடியில் இரண்டு நாள் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே வார்னிஷ் அடிக்காதீர்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே எண்ணெய் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். குறைந்தது ஆறு மாதம் விடுங்கள். அதுவரை படத்தைப் பீரோவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ சொருகி வைக்க வேண்டாம். இருட்டில் லின்சீட் எண்ணெய் மஞ்சளிக்கும், நீங்கள் பாடுபட்டுக் கலந்த சாம்பல் அழுக்காகத் தெரியும். நேர் வெயில் படாத, ஆனால் பகல் வெளிச்சம் வரும் ஹால் சுவரில், கண்ணாடி போடாமல் மாட்டி வையுங்கள்.